பேச்சியம்மாவிடம் கேட்கப் போன நாள்

மேடம்,

இன்று காலை வார்டில் தீக்காயக் களிம்பின் புது டப்பா ஒன்றைத் திறந்தேன். வாசனை எழுந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. சிவகாசியில் அச்சு மை வாசனைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் உங்களை எனக்குக் கொண்டுவருவது இந்தக் களிம்புதான்.

நாம் முதலில் சந்தித்த அன்று நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடிந்து நேராக வந்திருந்தேன். "உங்க கையில என்ன வாசனை, சிஸ்டர்?" என்று கேட்டீர்கள். சொன்னேன். "நாவல் முழுக்கத் தீக்காய வார்டுதான் வருது. இந்த வாசனை ஒரு இடத்துலகூட இல்லையே," என்றீர்கள். என் நாவலை மதுரையில் ஒரு சிறிய பதிப்பகம் வெளியிட்டிருந்தது. படித்தவர்கள் பாராட்டினார்கள், இல்லாவிட்டால் பேசாமல் இருந்தார்கள். அதில் இல்லாத ஒன்றை எடுத்துச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். அப்போதே உங்களிடம் என் புத்தகத்தை ஒப்படைக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அதற்கு முன்பு, எழுதுகிறவர்களுக்காகப் பதிப்பகம் தேடிக்கொடுக்கும் உங்கள் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் ஏஜென்ட் என்றால் காலண்டர் ஆர்டர் பிடிப்பவர், பட்டாசு ஆர்டர் பிடிப்பவர், அதை விட்டால் இன்சூரன்ஸ்காரர். என் நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், ஏஜென்ட் என்று உங்கள் பெயரைச் சொன்னபோது, நாவலுக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்றுதான் நினைத்தேன். அதற்குள் வேறொருவர் தானும் ஏஜென்ட் என்று என்னைப் போனில் பிடித்து, புத்தகத்தைப் படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்டிருந்தார். உங்களிடம் சொன்னேன். "எழுதுறவங்ககிட்ட முன்னாடியே பணம் கேக்கிறவர் ஏஜென்ட் இல்ல, சிஸ்டர். புத்தகம் வித்தா அதுல எனக்கு ஒரு பங்கு. விக்கலைன்னா எனக்கும் ஒண்ணும் கிடையாது," என்றீர்கள்.

ஒப்பந்தத்தை நீட்டியதும் நான் பேனாவை எடுத்தேன். கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னீர்கள். புரியாத வரியில் கோடு போடச் சொன்னீர்கள். "எனக்குச் சங்கடமா இருக்குமேன்னு எதையும் கேக்காம விட்டுறாதீங்க." நான் அடித்த கோடுகளில் பாதி தேவையில்லாதவை. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். சினிமா உரிமை பற்றிய வரியில் நான் கேட்ட கேள்விக்குப் பிறகு அந்த வரியையே மாற்றி எழுதினீர்கள்.

பிறகு காத்திருப்பு. பதிப்பகங்களிடமிருந்து ஏதாவது பதில் வந்ததா என்று நான் ஓயாமல் செய்தி அனுப்பினேன். "வந்தா நானே கூப்பிடுவேன். நீங்க அடுத்ததை எழுதுங்க," என்பீர்கள். ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை.

ஒருநாள் நீங்களே கூப்பிட்டீர்கள். டெல்லியில் ஒரு பெரிய பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவரத் தயார். ஒரே ஒரு நிபந்தனை. என் நாவலில் பட்டாசு வெடிவிபத்தில் வெந்து பிழைத்துக்கொள்ளும் பெண் கடைசியில் இறந்துவிட வேண்டும். அப்போதுதான் கதை மனதைத் தாக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அப்போது எனக்குச் சம்மதம்தான் மேடம். அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். அவற்றோடு என் புத்தகமும் நிற்கும் என்றால் ஒரு கடைசி அத்தியாயம் என்ன பெரிது என்று தோன்றியது. நீங்கள் கேட்டது ஒன்றைத்தான். "அந்தப் பொம்பளை நிஜத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. வெம்பக்கோட்டைப் பக்கம். என் வார்டுல கிடந்து பிழைச்சவுக. கதை எழுதுறேன்னு சொல்லியிருக்கேன்."

"சாகடிக்கப் போறோம்னு சொல்லியிருக்கீங்களா?"

அடுத்த வாரமே ரயிலேறி விருதுநகர் வந்து இறங்கினீர்கள். இருவரும் காரில் வெம்பக்கோட்டைப் பக்கம் அந்தப் பேச்சியம்மா வீட்டுக்குப் போனோம். வேலை இல்லாத நாள் அது. வாசலில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வலது கையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருப்பதைப் பார்த்தீர்கள். பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"வாங்க நர்சம்மா, சாப்பிட்டீகளா? இவுக யாரு?"

"என் புத்தகத்தை வெளியூர்ல கொண்டுபோய்க் கொடுக்கிறவுக."

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பேச்சியம்மா வற்றலைப் பரப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கடைசியில நான் செத்துப்போகணுங்காகளாக்கும்?"

"ஆமா."

"எனக்குப் பக்கத்துக் கட்டில்ல கிடந்தவ செத்துப்போனா. அவளுக்கு அழுதாச்சு. நான் பிழைச்சு வந்து, இந்தக் கையை வச்சுக்கிட்டே சோறாக்கி, துணி துவைச்சு, மகளைக் கட்டிக்கொடுத்துட்டேன். இப்பவும் கம்பெனிக்குப் போய்ப் பட்டாசுப் பெட்டி ஒட்டிட்டுத்தான் வாரேன். அதை எழுதுனா வாங்க மாட்டாகளா?"

நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். "வாங்கலாம், வாங்காமலும் போகலாம்மா. எனக்குத் தெரியலை."

பேச்சியம்மா உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியலைன்னு சொல்லுதீகளே, அம்புட்டுப் போதும். என்னைச் சாகடிக்காதீக."

அப்புறம் காப்பி வந்தது. உங்கள் ஊர், பிள்ளைகள், முழங்கால் வலி என்று இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பி வரும்போது காரில் உங்களிடம் கேட்டேன். "வேண்டாம்னு சொன்னா உங்களுக்கும் நஷ்டம்தானே, மேடம்?"

"நஷ்டம்தான். சரின்னு சொன்னா எனக்கு லாபம். அதனால இந்த விஷயத்துல என் யோசனையைக் கொஞ்சம் சந்தேகமாவே கேளுங்க. முடிவு உங்களோடது. அதைப் போய் மரியாதையாச் சொல்றது என் வேலை."

விருதுநகரில் ரயிலுக்கு நேரம் இருந்தது. எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டோம். பாதி சாப்பிடும்போது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு இன்னொரு பரோட்டா கேட்டீர்கள். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்திருந்தேன். அழவில்லை.

அதன்பின் மற்றப் பதிப்பகங்களிலிருந்து வந்த மறுப்புகளை ஒன்று விடாமல் எனக்கு அனுப்பினீர்கள். பூசி மெழுகவில்லை. "இவங்க சொல்ற குறை சரிதான். நடுவுல ஆஸ்பத்திரிப் பகுதி இழுக்குது," என்று ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். கோபம் வந்தது. பிறகு அந்தப் பகுதியைச் சுருக்கினேன். களிம்பு வாசனையையும் எழுதிச் சேர்த்தேன். ஒன்றரை வருஷம் போல ஆனபிறகு பெங்களூரில் ஒரு சிறிய பதிப்பகம் முடிவை மாற்றாமல் எடுத்துக்கொண்டது. பெரிய கடைகளில் அது இல்லை. இருக்கும் இடத்தில் முழுசாக இருக்கிறது. புத்தகம் வந்ததும் பேச்சியம்மா தன் மகளைக் கூட்டிவந்து, நான் கடைசி அத்தியாயத்தைத் தமிழில் வாசிக்கக் கேட்டார். "பெட்டி ஒட்டுறதைச் சரியாத்தான் எழுதியிருக்கீக," என்றார்.

உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நீங்களே போனில் சொன்னீர்கள். அழுகைக்கு இடம் கொடுக்கவில்லை. புத்தகத்தின் உரிமைகள் எது யாரிடம் இருக்கிறது, கணக்கு யார் அனுப்புவார்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி என்னை எழுதிக்கொள்ள வைத்தீர்கள். தீபாவளி சீசன் உச்சத்தில் நீங்கள் போய்விட்ட செய்தி வந்தது. வார்டு நிரம்பியிருந்தது. லீவு கிடைக்கவில்லை. பேச்சியம்மாவுக்குப் போன் செய்தேன். "அந்தம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போனாக," என்றார்.

இரண்டாவது நாவலை முடித்துவிட்டேன் மேடம். எங்கள் வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற சகாயமேரியின் கதை. அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன். ஓர் இடத்தில், "இதை இன்னுங் கொஞ்சம் எழுதும்மா," என்றார்.

வேறொரு ஏஜென்டுக்கு அனுப்பக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். கதை என்ன, நான் யார், ஏன் அவரிடம் வருகிறேன் என்பதெல்லாம் இன்னும் அடித்தல் திருத்தலில்தான் கிடக்கிறது. முதல் வரி மட்டும் முடிவாகிவிட்டது. "இந்தக் கதைக்கு உரியவர் இதைக் கேட்டுவிட்டார், அவருக்குச் சம்மதம்."

உங்கள்
சிஸ்டர்