நடுவில் ஒரு புதன்கிழமை

என் பாத்திமா லாத்தா,

மருந்து வாடை இல்லாத இடத்தில் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்தான் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். நீங்கள் போன பிறகு ரொம்ப நாள் அந்த மூச்சுப் பயிற்சி வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தலைவைத்துப் படுப்பது என்றதும் முதல் நாள் நினைவுக்கு வருகிறது. இருவருக்கும் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்திருந்தது. உடம்பைக் கால்விரலிலிருந்து ஒவ்வொரு இடமாகக் கவனிக்க வேண்டும் என்று, புதுக்கோட்டை ஆஸ்பத்திரி மாடியில் கவுன்சிலர் பெண் பாய் விரித்தாள். வடக்கே தலையா என்று நான் எகிறினேன். தலை கிழக்கே வரும்படி பாயைத் திருப்பினாள். எல்லோரும் படுத்தாயிற்று, நீங்கள் மட்டும் நின்றீர்கள். மேற்கே, தொழும் திசையான கிப்லா பக்கம் கால் நீட்டக் கூடாதே என்று தயங்கினீர்கள். பிறகு நீங்களே, தெற்கே வைத்தால் எல்லாருக்கும் ஆகுமே என்றீர்கள். பாயை இழுத்து இழுத்துச் சிரித்தோம். நோய் வந்த பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

என் பயம் உங்களுக்குத் தெரியும். தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் கை அக்குளுக்குப் போய்க் கட்டி தேடும். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதென்று முடிவு கட்டிவிடுவேன். "கை போனா ஒங்களையே திட்டாதீங்க. போகுதுன்னு பாத்துட்டு மூச்சுக்கு வாங்க" என்றாள் அந்தப் பெண். இது நோயைத் தீர்க்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது. ஒரு ரவிக்கையைக் கை நிற்காமல் தைத்து முடித்தேன்.

உங்களுக்குத்தான் நோய் திரும்ப வந்தது. அப்போதும் கோட்டைப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வகுப்புக்கு வந்தீர்கள். இனிமேல் இது எதற்கு என்று சண்டை பிடித்தேன்.

"நோவு வந்துருச்சு செல்வி, இல்லேங்கல. ஆனா வந்துருமோ வந்துருமோன்னு தெனம் செத்துக்கிட்டு இருந்தேன்ல, அது நின்னுபோச்சு. மருமவ வைக்கிற மீன் கொழம்பு இப்பத்தான் ருசிக்குது" என்றீர்கள்.

எப்படி லாத்தா முடிந்தது உங்களால்? எனக்கு அந்தத் தெம்பு இல்லை. உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்த்துத் திரும்பிய பிறகு செக்கப்பையே தள்ளிப்போட்டேன். என்னிடமும் டாக்டர் அதையே சொல்லிவிட்டால்?

என் மகள்தான் கவனித்தாள், கை மறுபடி அக்குளுக்குப் போவதை. போன சனிக்கிழமை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். உங்கள் இடத்தில் யாரோ ஒரு புதுப்பெண் படுத்திருந்தாள். அழுதேன், ஆனால் எழுந்து வரவில்லை.

இன்று காலை ஸ்கேன் எடுத்துவிட்டேன் லாத்தா. பயம் எங்கேயும் போய்விடவில்லை, பக்கத்து நாற்காலியில்தான் இருந்தது. மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனேன்.

ரிசல்ட் வியாழக்கிழமை வரும். இன்று செவ்வாய். நடுவில் ஒரு புதன்கிழமை இருக்கிறது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட நாளை விடியும் முன்பே பயத்திடம் தூக்கிக் கொடுத்துவிடுவேன். நாளைக்கு மகளுக்கு லீவு. இருவரும் நார்த்தாமலைக்குப் போய்ப் பாறை மேல் ஏறப் போகிறோம். வியாழக்கிழமை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், புதன்கிழமையை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
செல்வி