களை பிடுங்கியது குற்றமாம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் சுகம், ஆடுகள் சுகம், உன் அப்பாவைப் பற்றித்தான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம். மேட்டு நிலத்தை மூன்று வருடம் உழாமல் விதைக்காமல் சும்மா போட்டு வைத்தால் அரசாங்கம் மானியம் தருகிறது என்று சொன்னேனே, மண் ஓய்வெடுக்க வேண்டுமாம், பறவையும் பூச்சியும் வந்து தங்க வேண்டுமாம். வேலை செய்யாமல் இருப்பதற்குக் கூலியா என்று எனக்கு அப்போதே தலை சுற்றியது. ஆனால் முதல் தவணை வந்துவிட்டது, கிணற்று மோட்டாரைச் சரி செய்தோம், என் கண்ணுக்கும் வைத்தியம் பார்த்தோம். இந்தப் பணம் நின்றால் தேய்ந்துபோன அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மறுபடி உழுகிறேன் என்று கிளம்பிவிடுவார், அதுதான் என் பயம்.

போன வாரம் நிலத்தைப் பார்க்க விவசாய ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வருவதாகத் தகவல் வந்தது. உன் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிலம் இப்படியா கிடக்கிறது, பாக்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க என்று புலம்பிக்கொண்டு, முந்தின இரண்டு நாளும் போய், காலை மடக்க முடியாமல் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, ஒரு புல் விடாமல் பிடுங்கி, வரப்பைச் செதுக்கி, கல் பொறுக்கி, மொட்டைத் தலை மாதிரி வைத்துவிட்டார். விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குவதில்லையா என்று நினைத்து நானும் கூடமாட உதவினேன். அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, ஐயா, சும்மா விடறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு விதைக்கத் தயார் பண்ணி வச்சிருக்கீங்களே என்றார். இவர் பெருமையாக, சுத்தமா இருக்குல்ல என்கிறார். சிரிப்பதா அழுவதா? நல்ல மனுஷி, அடுத்த மாசம் திரும்ப வர்றேன், அதுக்குள்ள புல் முளைக்கலேன்னா பணத்தை நிறுத்த வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னார். இப்போது உன் அப்பா தினமும் குடத்தோடு போய்க் களைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பக்கத்து நிலத்துக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டார்.

அதெல்லாம் போகட்டும். அந்த அம்மா கிளம்பும்போது, மூணு வருஷம் முடிஞ்சதும் யாரு பயிர் பண்ணுவாங்க, எழுதிக்கணும் என்று கேட்டார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், என் பொண்ணு வந்து பண்ணுவா என்றார். நீங்கள் அங்கேயே வீடு வாங்க முன்பணம் கொடுத்தது இவருக்குத் தெரியும், நான் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர்தான். பணம் நின்றுவிடக் கூடாதே என்பதற்காகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்றும் தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், வருகிறேன் என்றும் சொல்லாதே, வரமாட்டேன் என்றும் சொல்லாதே. எனக்கு மட்டும் உள்ளதை எழுது. இல்லை, வேண்டாம், எனக்கும் எழுதாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா