உன் நீளத்தைத் தாண்டிய சேலை

என் பாசமுள்ள அண்ணா,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் சாதனை போய்விட்டது. வெட்டாமல், ஒட்டாமல், தறியில் நீளவாக்கில் ஓடும் ஒரே பாவு நூலில் நீ நெய்த நீளச் சேலையை இன்னொரு சேலை தாண்டிவிட்டது. நெய்தது யார் தெரியுமா? சின்ன வயதிலிருந்து உன்னோடு போட்டி போட்ட வேலுச்சாமிதான். பல்லைக் கடிக்காதே, முழுசாகக் கேள்.

நீ போனதும் அண்ணி தறிக்கூடத்தைப் பூட்டிவிட்டார். தூசி தட்டக்கூட என்னை விடவில்லை. சித்திரையில் ஒரு நாள் வேலுச்சாமி வந்து வாசலிலேயே நின்றார். நெய்த சேலை சுற்றிக்கொள்ளும் படமரத்தை அந்த நீளத்துக்காகவே நீ கனமாகக் கடைந்து வைத்தாயே, அது வேண்டுமாம். நம் வடகரப்பதி முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொன்று கிடைக்காதே!

அண்ணிக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, அவரு பேரை அழிக்கறதுக்கு அவரு மரத்தையே கேக்கறீங்களா?"

"அழிக்கறதுக்கில்லீங்க அம்மிணி. அவன் இருந்திருந்தா இந்நேரம் அவனே தாண்டியிருப்பான். அது சும்மா கெடக்கறதப் பாக்க மனசு கேக்கலீங்க."

அண்ணி உள்ளே போய் அழுதார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அண்ணா? மறுநாள் சாவியை என்னிடம் நீட்டி, "எடுத்துக் குடுத்துரு" என்றார்.

சேலை உன் நீளத்தைத் தொட்ட அன்று வேலுச்சாமி தறியை நிறுத்திவிட்டு எங்களுக்கு ஆள் அனுப்பினார். போனோம். தறிக்குழியிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றார்.

"இது வரைக்கும் அவன் வந்த தூரமுங்க. இதுக்கு மேல மொத இழை நீங்க போடோணும்."

பிறந்த வீட்டில் அண்ணி நன்றாக நெய்தவர். நம் வீட்டுக்கு வந்த பிறகு உனக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றியே காலம் போனது. அன்று தயங்கித் தயங்கித்தான் குழியில் இறங்கினார். தார்க்குச்சி வைத்த நாடாவைப் பாவு இழைகளுக்குள் ஒரு தரம் ஓட்டினார், பிறகு நிறுத்தவே இல்லை. குச்சியில் நூல் தீர்ந்த பிறகுதான் தலைநிமிர்ந்தார். உன்னைத் தாண்டியது அண்ணியின் கைதான். உனக்கு வருத்தமா? நான் சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன்.

இப்போது நம் தறிக்கூடம் திறந்திருக்கிறது. சேலையை வேலந்தாவளம் ரோட்டில் விரித்து அளந்து முடித்த கையோடு அண்ணி படமரத்தைத் திரும்ப வாங்கி வந்துவிட்டார். வேலுச்சாமியைத் தாண்டப் போகிறாராம்!

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிறுதோறும் உட்கார்ந்து அண்ணிக்கு நான் நூல் சுற்றித் தருவேன். நீ இருந்திருந்தால் உன்னைத்தான் சுற்ற வைத்திருப்பேன்.

சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கும்
உன் தங்கச்சி