விழுதுக்கு விழுந்த ஓட்டு

கடலூர் முதுநகர்
9.1.2007

மாப்பிள்ளை எழிலன் அவர்களுக்கு,

சிங்காரம் எழுதுவது. இங்கே அமிர்தம் உள்பட எல்லோரும் நலம். உங்கள் தயவு இல்லாமலே நலம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

என் தங்கச்சி அமிர்தம் உங்கள் வீட்டைவிட்டு வந்து தீபாவளி போய்விட்டது, பொங்கலும் வரப்போகிறது. சிக்குன்குனியா வந்து, கைகால் மடக்க முடியாமல், ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் அவள் கிடந்தாளே, அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? காலேஜில். என்ன செய்துகொண்டு? மணிலாக் கடலைச் செடியின் விழுதைச் சவர பிளேடால் சீவிக்கொண்டு. அடுத்த வீட்டுக் கொளஞ்சியம்மாள் மட்டும் எனக்குப் போன் பண்ணவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. நான் வேன் பிடித்து வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்த பிறகு நீங்கள் வந்து வாசலில் நின்று சொன்ன வார்த்தை எனக்கு மறக்காது. "சீவுன துண்டு காஞ்சி பூடும் மச்சான், பாதியில உட்டுட்டு வர முடியல."

காய்ந்தால் காயட்டுமே. விழுது என்ன தங்கத்திலா முளைக்கிறது? என் மண்டிக்கு வருகிற மூட்டையில் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு வருவதே அதுதான். கூட்டிக் குப்பையில் போடுகிறோம். திட்டக்குடிச் சந்தையில் தரையில் சாக்கை விரித்து மல்லாட்டை என்று கூவி இதே கடலையை விற்க ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு நாலு ஊர் எண்ணெய் மில்காரன் என் வாயைப் பார்த்து விலை பேசுகிறான். ஒரு நாளும் விழுதின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு வியாபாரம் நின்றதில்லை.

அமிர்தம் வரத் தயாராகத்தான் இருக்கிறாள். சிதம்பரம் பஸ் ஆரன் கேட்டால் ஜன்னல் பக்கம் போகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. ஆனால் நான் அனுப்புவதாக இல்லை. ஒரு பேச்சு சொல்கிறேன், இது வியாபாரப் பேச்சு, மாறாது. இத்தனை வருஷமாக அந்த மைக்ராஸ்கோப்புக் கண்ணாடிக்குள் குனிந்து என்னத்தைப் பார்த்தீர்களோ, அதில் ஒன்றை மனுஷன் நின்று பார்க்கிற மாதிரி செய்து காட்டுங்கள். தன் வேலையாகப் போகிற ஒருத்தன் அதைப் பார்த்து நிற்க வேண்டும். நின்றால் தங்கச்சியை அனுப்புகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் விழுதோடு குடித்தனம் நடத்துங்கள்.

சிங்காரம்


சிதம்பரம்
18.1.2007

மச்சான் அவர்களுக்கு,

எழிலன் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, எனக்கு உபயோகப்படும்.

உங்கள் நிபந்தனையை ஒப்புக்கொள்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காக ஒரு படப் போட்டி நடக்கப்போகிறது. மைக்ராஸ்கோப்பிலோ களத்திலோ தாங்கள் கண்டதைப் படமாக அனுப்ப வேண்டும். தேர்ந்தெடுத்த படங்களைப் பெரிதாக அச்சிட்டு இங்கேயே ஒரு கல்லூரி மாடியில் பொதுமக்களுக்கு வைக்கிறார்கள். ஆராய்ச்சி எத்தனை பெரியது என்று பார்ப்பதில்லையாம். படம் ஆளை நிறுத்துகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நீங்கள் கேட்டதும் அதைத்தானே.

நான் அனுப்புவது மணிலா விழுதின் குறுக்குவெட்டு. மேலே பூத்து, பூ வாடியதும் கருவைச் சுமந்துகொண்டு ஒரு விழுது மண்ணைத் தேடி இறங்குகிறதே, அதைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏற்றி எடுத்தது. அமிர்தம் காய்ச்சலில் கிடந்த அன்று சீவிய துண்டுதான் அது. அதற்குப் பிறகு எத்தனையோ சீவினேன், ஒன்றும் அப்படி அமையவில்லை. மூட்டையை எடை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கும் சாமர்த்தியம் எனக்கில்லை.

அவள் மூட்டுவலி மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாளா என்று ஒரு வரி எழுதுங்கள்.

எழிலன்


கடலூர் முதுநகர்
24.1.2007

மாப்பிள்ளைக்கு,

மாத்திரை சாப்பிடுகிறாள். காலையில் விரல் மடங்க இன்னும் நேரம் ஆகிறது. இந்த அக்கறையை அன்றைக்கே காட்டியிருந்தால் தபால் செலவு மிச்சம்.

உங்கள் போட்டியைப் பற்றிப் படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து சிரித்தேன். கபடிக்குப் போட்டி உண்டு, மாட்டுவண்டிக்குப் போட்டி உண்டு. குப்பையைப் பிளேடால் சீவிப் படம் எடுப்பதற்கும் போட்டி வைக்கிறார்கள் என்றால் படித்தவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று அர்த்தம். அதிலும் சாயம் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் ஒருத்தன் துவரம்பருப்பில் மஞ்சள் சாயம் போட்டான் என்று கடைக்குச் சீல் வைத்தார்கள். அவனும் பார்வைக்கு நன்றாயிருக்கட்டும் என்றுதான் போட்டான். அவனுக்குக் கோர்ட்டு, உங்களுக்குக் கோப்பையா? நல்ல நியாயம்.

கடிதத்தை அமிர்தத்திடம் கொடுத்தேன். ஒளித்து வைக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது. "அதே துண்டாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாண்டி, உன்னைச் சாகக் கொடுத்துக் காப்பாத்தின அதே துண்டுதான் என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டாள். ரசம் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

நீங்கள் செய்து வைத்திருப்பது இதுதான். படம் எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

சிங்காரம்


சிதம்பரம்
14.2.2007

மச்சான் அவர்களுக்கு,

என் படம் தேர்வாகிவிட்டது. மாடிக் கூடத்தில் ஆறாம் நம்பராக மாட்டுகிறார்கள். இருபத்தேழு, இருபத்தெட்டு இரண்டு நாளும் யார் வேண்டுமானாலும் வரலாம். நடுவர்கள் கொடுக்கும் பரிசு ஒன்று, பார்வையாளர்கள் கொடுப்பது ஒன்று. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு தருவார்கள். பிடித்த படத்தின் நம்பரையும், ஏன் பிடித்தது என்று ஒரு வரியும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

உங்களைக் கூப்பிடவில்லை. வந்தால் சாயத்தைப் பற்றித்தான் பேசுவீர்கள். அமிர்தத்தை மட்டும் யாருடனாவது அனுப்புங்கள். ஒரு மணி நேரம் போதும். அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவள் பார்க்கட்டும். பார்த்துவிட்டுத் திட்டுவதென்றாலும் திட்டட்டும்.

எழிலன்


கடலூர் முதுநகர்
1.3.2007

மாப்பிள்ளைக்கு,

பரிசு வாங்கியிருப்பீர்கள். வாங்காமல் எப்படி? வேலை செய்தது நான்.

அமிர்தத்தை அனுப்பவில்லை. என் வீட்டுப் பெண் புருஷன் வந்து கூப்பிட்டுத்தான் போவாளே தவிர, கண்காட்சி பார்க்கிற சாக்கில் வந்து நிற்கமாட்டாள். ஆனால் அவள் முகத்தைத் தினம் பார்க்கிறவன் நான். சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள். இது இழுத்துக்கொண்டே போனால் வியாபாரத்துக்கும் நல்லதில்லை, அவளுக்கும் நல்லதில்லை. நடுவர் பரிசில் நான் தலையிட முடியாது. சீட்டுப் போடுகிற பரிசு என்றீர்களே, அது எனக்குத் தெரிந்த விஷயம். வியாபாரிகள் சங்கத் தேர்தலில் நான் நிறுத்தின ஆள் இதுவரை தோற்றதில்லை.

இருபத்தெட்டாம் தேதி மண்டிக்கு அரை நாள் லீவு விட்டேன். சுமை தூக்குகிற ஆட்கள், சல்லடை போடுகிற பெண்கள், எல்லோரையும் லாரியில் ஏற்றினேன். வழியில் பூரியும் பொங்கலும் வாங்கிக் கொடுத்தேன். மேஸ்திரி பொன்னுரங்கம் கேட்டான், "மொதலாளி, ஆறாம் நம்பருல இன்னா இருக்குது?"

"அது ஒனக்கு எதுக்குடா? ஆறு. அத மட்டும் ஞாபகம் வச்சிக்க."

"இல்ல, ஏன் புடிச்சிதுன்னு எழுதணுமாமே?"

"உள்ளத எழுதுங்கடா" என்றேன். மடமடவென்று மேலே போனார்கள், போட்டார்கள், இறங்கினார்கள். சங்கத் தேர்தலில்கூட இத்தனை ஒழுங்கு கிடையாது.

நான் மேலே வரவில்லை. லாரியிலேயே உட்கார்ந்திருந்தேன். மண்டிக் குப்பையைப் பார்க்கச் சிதம்பரத்துக்கு வந்து மாடி ஏற எனக்கென்ன தலையெழுத்து?

கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ஊர் மெச்சினதாக வைத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறேன்.

சிங்காரம்


சிதம்பரம்
5.3.2007

சிங்காரம் அவர்களுக்கு,

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை.

பரிசளிப்பு மேடையில் சீட்டுகளிலிருந்து சிலவற்றைப் படித்துக் காட்டுவது அங்கே வழக்கம். ஆறாம் நம்பருக்குத்தான் சீட்டு அதிகம் என்று சொல்லிவிட்டு, ஏன் பிடித்தது என்பதை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். "எங்க மொதலாளி மாப்ள எடுத்தது." அடுத்த சீட்டு, "மொதலாளி தங்கச்சி வீட்டுக்காரர்." அடுத்தது, "பூரி நல்லா இருந்துச்சி." எழுதத் தெரியாதவர்கள் உங்கள் மூட்டையில் அச்சுப் போடும் குறியை வரைந்திருந்தார்கள், வட்டத்துக்குள் 'சி'. கூடமே சிரித்தது. என் பேராசிரியர் மணவாளன் முதல் வரிசையில் இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

பார்வையாளர் பரிசை ரத்து செய்தார்கள். என் படத்தைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். நான்தான் ஆள் திரட்டினேன் என்று நினைக்கிறார்கள். இல்லை, என் மனைவியின் அண்ணன் என்று சொன்னால் இன்னும் கேவலம். வாயை மூடிக்கொண்டு சுருட்டி எடுத்து வந்துவிட்டேன். நான்கு வருஷ உழைப்பில் என் பெயர் போட்டு வெளியே வந்தது அது ஒன்றுதான். உங்களால் விலைக்கு வாங்க முடியாத ஒரே இடத்துக்கும் லாரியோடு வந்துவிட்டீர்கள். பூரிக்கும் ஓட்டுக்கும் அப்பால் மனிதர்களைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இனி உங்கள் நிபந்தனையும் வேண்டாம், நீங்கள் அனுப்பவும் வேண்டாம். அன்றைக்கு நான் அவள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதை உங்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவளிடம் நேரில் சொல்வதாக இருந்தேன். இப்போது எந்த முகத்தோடு உங்கள் வாசலுக்கு வருவது என்று தெரியவில்லை. வரமாட்டேன் என்றே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயம். கூடத்தில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மாணவி சிந்துஜா நேற்று சொன்னாள். அந்த லாரிக் கூட்டம் இறங்கிப் போன பிறகும் ஒரு பெரியவர் மட்டும் ஆறாம் நம்பருக்கு முன்னால் நின்றாராம். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் மஞ்சள் பை. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்களாம். சீட்டை நீட்டினால் வாங்கவில்லையாம். "இதெல்லாம் அதுக்கு உள்ளாறயாம்மா இருக்குது?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும், மறுபடி படத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். கீழே லாரிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தானாம்.

நீங்கள் லாரியில் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது வேறு யாரோ.

எழிலன்


கடலூர் முதுநகர்
9.3.2007

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. கூடமே சிரித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் சிரித்ததற்கெல்லாம் கதவைச் சாத்தியிருந்தால் நான் இன்னும் திட்டக்குடியில் சாக்கை விரித்துக்கொண்டிருப்பேன். பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு, "பூரின்னு எழுதுனவன் எவன்டா?" என்று கேட்டேன். "நீங்கதான மொதலாளி உள்ளத எழுதச் சொன்னீங்க" என்கிறான். உங்கள் நடுவர்களிடம் என் ஆட்கள் காட்டிய யோக்கியதையையாவது நினைத்துப் பாருங்கள். ஒருத்தனும் படம் பிடித்தது என்று பொய் எழுதவில்லை.

மணவாளன் ஐயாவை நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். ஆட்களை ஏற்றி வந்தது நான், என் மாப்பிள்ளைக்குச் சத்தியமாகத் தெரியாது, அவருக்கு அந்த அளவு சாமர்த்தியமும் கிடையாது என்று சொன்னேன். கடைசியில் சொன்னதை அவர் உடனே நம்பினார். படத்தைத் திரும்ப மாட்டமாட்டார்களாம். உங்கள் மேல் குற்றமில்லை என்று எழுதி வாங்கி வந்திருக்கிறேன், மண்டிக் கல்லாவில் இருக்கிறது.

அந்தப் பெண் சொன்ன ஆளைப் பற்றி. ஆட்கள் ஒழுங்காகப் போட்டார்களா என்று பார்க்கத்தான் ஏறினேன். நின்றது கால் வலியால். எனக்கும் சிக்குன்குனியா வந்துவிட்டதோ என்னவோ. இதைத்தான் அமிர்தத்திடமும் சொன்னேன். அவள் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்கிறாள், "கால் வலிக்காரரு நேத்து குடோன் படிய ரெண்டு ரெண்டா தாண்டி ஏறுனீங்களேண்ணா?" வாய் ஜாஸ்தியாகிவிட்டது. விரல் நன்றாக மடங்குகிறது, உங்களுக்கென்று எடுத்து வைத்த முறுக்கு டப்பாவை மூடித் திறந்து மூடுகிறாள்.

நீங்கள் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மனுஷி கிடந்து அனத்தும்போது துண்டு காய்கிறது என்றவரை எனக்கு என்றைக்கும் பிடிக்காது. நீங்கள் வரமாட்டேன் என்றதையும் அப்படியே அவளிடம் சொன்னேன். "அத அவுரு வந்து எங்கிட்ட சொல்லட்டும்" என்கிறாள். திட்டுவதற்கு நிறைய வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பேச்சு என்று ஒன்று இருக்கிறது. தன் வேலையாகப் போகிற ஒருத்தன் நிற்க வேண்டும் என்றேன். கால் வலியோ என்னவோ, ஒருத்தன் நின்றுவிட்டான். என்னிடம் சரக்குப் போட்டவன் எவனும் சிங்காரம் பேச்சு மாறினான் என்று சொன்னதில்லை. பங்குனி பிறந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமும் வாங்கிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். மத்தியானம் இங்கே சாப்பாடு. வேன் சொல்லியிருக்கிறேன், சாயங்காலம் இரண்டு பேரும் கிளம்பலாம்.

அந்தப் படத்தைச் சுருட்டி மூலையில் போட்டு வைக்காதீர்கள், கையோடு கொண்டு வாருங்கள். மண்டியில் தராசுக்கு நேர் எதிரே சுவரில் ஓர் ஆணி சும்மா இருக்கிறது. மணிலா போட வருகிற காட்டுமன்னார்கோயில்காரன் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்று பார்ப்பான். அவன் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் விலை பேச எனக்கு வசதி.

சிங்காரம்