வண்டிக்காரன் இளைத்த கதை

அன்புள்ள அம்மா,

நான் நலம். லண்டனில் ஓயாத மழை. அங்கே விட்பியில் எப்படி? உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் தேவலையா?

விக்டோரியா காலத்து நாவலை மாற்றி நாங்கள் போட்ட படக்கதையின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. வாசகர்கள் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள். கவலைப்படாதே, வேலை போகாது. காமிக்ஸ் கடையில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தபோது வாசகி ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

“ஏம்ப்பா, மொதல் பாகத்துல வண்டிக்காரன் மலை மாதிரி இருந்தான். இதுல கோட்டுக்குள்ள ஆளையே காணோமே! பட்டினி போட்டுட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வண்டிக்காரன் அப்பாதான் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு பாகத்துக்கும் அவரை நிற்கவைத்து நீ புதிதாக எடுத்து அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துத்தான் இரண்டிலும் அவனை வரைந்தேன். ஒரு கோடு மாறாமல் வரைந்தேன், அப்பாவைத்தான் கவனிக்கவில்லை.

அறை குளிர்கிறது, என் பழைய கம்பளிக் காலுறையை அனுப்பு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. போனில் கேட்டால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்: அப்பா இப்போது பெல்ட்டை எத்தனையாவது ஓட்டையில் மாட்டுகிறார்?

உன் மகன்,
கிளைவ்