காற்றை வரவழைக்க என் கணவரை விடுப்பில் அனுப்புவது குறித்து

அனுப்புநர்
ஷுவே மின்ஜுவான்,
(சோதனைப் பொறியாளர் தோங் யீசுவானின் மனைவி)
மாவட்ட நூலகப் பணியாளர்,
புதோங், ஷாங்காய்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பணியாளர் விடுப்புப் பிரிவு,
புதிய பயணியர் விமானச் சோதனை மையம்,
ஷாங்காய்.

பொருள்: என் கணவரின் விடுப்பு வானிலைப் பணிக்குப் பயன்படுத்தப்படுவது – அவ்விடுப்புகளைக் கணக்கிலிருந்து நீக்கி, வீடு வரை வந்து சேரும் விடுப்பு ஒன்று வழங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் நாட்டிலேயே உருவான புதிய பயணியர் விமானம், ஓடுபாதைக்குக் குறுக்கே பலத்த காற்று வீசும்போதும் பத்திரமாக இறங்கும் என்று காட்டியாக வேண்டும். அதற்காக மார்ச் தொடக்கத்திலிருந்து அது உள் மங்கோலியப் புல்வெளியில் ஒரு விமான நிலையத்தில் நிற்கிறது. விமானம் தயார். விமானிகள் தயார். உள்ளே அமர்ந்து கருவிகளைக் கவனிக்கும் என் கணவரும் தயார். காற்றுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை போலும்.

2. மார்ச் இறுதியில் அவருக்கு முதல் விடுப்பு கிடைத்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு காலணியைக் கழற்றியிருந்தார், கைபேசி ஒலித்தது. புல்வெளியில் காற்று எழுந்துவிட்டதாம். கழற்றிய காலணியை மாட்டிக்கொண்டு திரும்பினார். அவர் போய்ச் சேர்வதற்குள் காற்று அடங்கிவிட்டது. இரண்டாம் விடுப்பில் பீஜிங் ரயில் நிலையம் வரை வந்தார். அப்போதும் காற்று எழுந்தது, அவரும் திரும்பினார்.

3. இரண்டு முறை நடந்ததை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று பிறருக்குக் கற்பிக்கும் தகுதி பெற்ற பொறியாளர்கள், அதை வைத்தே ஒரு முடிவுக்கு வந்தார்கள். தோங் யீசுவான் ஊருக்குக் கிளம்பினால் காற்று வரும்.

4. அதன்பின் காற்று ஓய்ந்திருந்த ஒரு காலை, சோதனைப் பிரிவுத் தலைவர் பாங் அவர்களே என் கணவரின் அறைக்கு வந்து, "கொஞ்சம் ஊருக்குக் கிளம்பேன்ப்பா. ஒரு புல்லுகூட அசைய மாட்டேங்குது. ஆனா பஸ் ஸ்டாண்டைத் தாண்டிடாத" என்று கேட்டுக்கொண்டார். வழியனுப்ப வந்த இளைய ஊழியர்கள், "அண்ணே, பெட்டியை நல்லா தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. காத்து பாக்க வேணாமா?" என்றார்களாம். பேருந்து நிலையத்தில் அவர் ஆட்டிறைச்சி பன் ஒன்றை வாங்கித் தின்று முடிப்பதற்குள் மணல் பறக்கத் தொடங்கியது. தேவையான வேகத்துக்குச் சற்றே குறைவு என்றாலும், முறை சரியானது என்று எல்லோருக்கும் திருப்தி.

5. இது குறித்துத் தங்கள் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய அம்மையார் கனிவாகவே பேசினார். "இந்த வருஷ லீவு தீந்துபோச்சும்மா. மூணு தடவை வந்துட்டுப் போயிருக்காரே!" என்றார். அவர் வீட்டுக்குள் வரவே இல்லை என்றேன். "அது உங்க குடும்ப விஷயம். அதுல நாங்க எப்படித் தலையிட முடியும்?" என்றார்.

6. ஐயா, என் கணவர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. சென்ற வாரம் ஷாங்காயில் பலத்த காற்று வீசி, பால்கனியில் காயப்போட்ட எங்கள் போர்வை எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட்டது. அன்று அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "எந்தத் திசையில போச்சு?" என்றார். "ஆத்துப் பக்கமா" என்றேன். வேகத்தையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "குடுத்து வச்ச ஊரு" என்று ஒரு பெருமூச்சு. மணமாகிப் பதினொரு ஆண்டுகளில் எனக்காக அவர் அப்படிப் பெருமூச்சு விட்டுக் கேட்டதில்லை. இதைப் புகாராகப் பதிய வேண்டாம்.

7. தங்கள் விண்ணப்பப் படிவத்தில் விடுப்புக்கான காரணமாக நோய், இறப்பு, பேறுகாலம், வீடு மாற்றம் ஆகிய நான்கே தரப்பட்டுள்ளன. இவற்றில் எதுவும் எங்களுக்கு இல்லை. எனக்கு உடல்நலம் நன்றாகவே உள்ளது. மேசைக்கு எதிர்ப்பக்கம் அவர் உட்கார்ந்து, மீனில் முள் எடுத்தபடி, எனக்குப் புரியாத எதையாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நான் கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் நம்ப வேண்டும். இதை எந்தக் காரணத்தின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை.

8. தினமும் காலையில் நூலகத்தைத் திறக்கும் முன் வடக்குப் பகுதி வானிலைப் படத்தைப் பார்க்கிறேன். காற்று வந்தால் சோதனை முடியும், முடிந்தால் அவர் வருவார். ஆகவே அவர் எப்போது கிளம்பினாலும், காற்று வந்து பாதி வழியில் அவர் திரும்பட்டும் என்று வேண்டுவோரில் நானும் ஒருத்தி. இந்த மனுவின் பலவீனமான பகுதி இது என்பதை அறிவேன்.

9. எனவே, காற்றை வரவழைத்த மூன்று விடுப்புகளையும் பணி நாள்களாகக் கருத வேண்டும். இனி அப்பணிக்கு மணமாகாத ஒருவரை அமர்த்தலாம். சோதனை முடிந்ததும் என் கணவருக்கு ஒரு விடுப்பு தந்து, அவர் இரண்டு காலணிகளையும் கழற்றும் வரையாவது யாரும் அழைக்கக் கூடாது என உத்தரவிட வேண்டும்.

10. இதை எழுதி முடித்துக் கையொப்பமிடும் வேளையில் அவரிடமிருந்து செய்தி வந்தது. இன்று காலை, அடுத்த ஆண்டுக் கணக்கிலிருந்து கடனாக நான்காம் விடுப்பு தந்து அவரைக் கிளப்பியிருக்கிறார்கள். விடுதி வாயிலைக்கூடத் தாண்டவில்லை. இதுவரை வராத அளவுக்குக் காற்று, சரியாக ஓடுபாதைக்குக் குறுக்கே. 'மேலே போகிறோம்' என்பதோடு செய்தி முடிகிறது.

ஐயா, மேலே கண்ட எதற்கும் இப்போது அவசரமில்லை. அவர்கள் தரையிறங்கிய செய்தி தங்களுக்கு வந்த பிறகு இம்மனுவைப் பிரித்துப் படித்தால் போதும். அச்செய்தி என்னைவிடத் தங்களுக்கே முதலில் வரும் என்பதால், படிப்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: புதோங், ஷாங்காய்
நாள்: 12 மே 2021

(ஒப்பம்)
ஷுவே மின்ஜுவான்