மாதாவுக்குப் பறித்த பூ

இல்ஃபோர்ட், லண்டன்
20.07.2024

அன்புள்ள றோஸ்,

நீர் போய் இன்றோடு ஐந்து கிழமை. எனக்கும் மகள் பிறேமினிக்கும் சுகத்தில் குறைவில்லை, சாப்பாட்டில்தான் குறைவு. போனில் கேட்டால் "ஓம், சமைக்கிறம்" என்று சொல்லிவிடுவேன். கடிதத்தில் பொய் எழுத வராது. உமது பக்கத்துச் சிக்னலும் பாதிக் கதையில் அறுந்து போகிறது. அதனால்தான் பேனையை எடுத்தேன். கலியாணத்துக்கு முன் நான் பலெர்மோவில் வீடுகள் துடைத்துக்கொண்டு, மன்னாரில் இருந்த உமக்கு எழுதினேன். இப்போது நீர் அதே சிசிலியில். நான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நல்லாய்ப் பழிவாங்குகிறீர்.

செய்தி என்னவென்றால், எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் ஆட்கள் இருபத்தாறு பேர் ஆவணியில் சிசிலிக்கு யாத்திரை வருகிறோம். பொறுப்பு என் தலையில். ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி, மாதாவின் திருநாளன்று, நீர் படிக்கும் கடற்கரை இயற்கைக் காப்பகத்துக்கும் வருவோம். "நாப்பத்தெட்டு வயசில என்ன படிப்பு?" என்று போன வருடம் சிரித்த அதே ஆட்கள்தான், "றோஸ்மலர் அக்கா படிக்கிற இடத்தைப் பாக்கவேணும்" என்று இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அவர்களில் நிஷாந்தன் கேட்டான்: "அண்ணை, அக்காவுக்கு அங்க ஆக்களுக்குச் சுத்திக் காட்டுற ரூர் கைட் வேலையோ?" நான் சொன்னேன்: "இல்லையடா தம்பி, சுற்றுலாவால கடற்கரை அழியாமல் காக்கிற படிப்பு. உனக்கு விளங்காது." எனக்கும் முழுக்க விளங்கவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

கிறீன் ஸ்ட்ரீட் கடைக்குச் சாமான் வான் ஓட்டும் வேலை வழமைபோல நடக்கிறது. கடையிலிருந்து என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதும். மிளகாய்த்தூள் என்று எழுதுவீர், தெரியும்.

உமது,
கஸ்பர்


காப்பக விடுதி, சிசிலி
30.07.2024

அன்புள்ள பிறேமினியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சிரித்தேன், இரண்டாம் தரம் கவலைப்பட்டேன். பார்மசியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு ஒரு பருப்புக் கறியாவது வைத்துக் கொடுங்கள். மிளகாய்த்தூள் ஒரு கிலோ.

எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். என்னைத் தவிர எல்லாருக்கும் பிறேமினியின் வயது. முதல் நாள் ஒரு மாணவி குடித்து முடித்த கோப்பையை என் கையில் தந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். துப்புரவு வேலைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டாள். நானும் அதைக் கழுவி வைத்தேன். இதைப் பகிடியாக எழுதத்தான் தொடங்கினேன். பகிடியாக வரவில்லை.

படிப்பு நல்லாய்ப் போகிறது. ஒரு மணல்மேடு ஒரு நாளைக்கு எத்தனை பேரின் கால்களைத் தாங்கும் என்று கணக்குப் பார்க்கிறோம். இந்த மேட்டில் அல்லியின் சாயலில் ஒரு வெள்ளைப் பூ பூக்கிறது. கடற்கரைகளில் ஹோட்டல்கள் வர வர அது அருகிக்கொண்டு போகிறது. இங்கே கயிறு கட்டிக் காவல் போட்டிருக்கிறார்கள். என் ஆய்வு யாத்திரிகர்களைப் பற்றியது. பக்தியோடு வரும் சனத்தையே இயற்கைக்குக் காவலாக நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறேன். பதினைந்தாம் திகதி காலையில் அதைப் பரீட்சகர்கள் முன் பேச வேண்டும். எங்கள் பொறுப்பாளர் அன்தொனெல்லா அம்மையாருக்கு என்னில் நல்ல நம்பிக்கை.

அதனால் நீங்கள் பின்னேரம் வாருங்கள். கயிறு கட்டிய பாதையை விட்டு இறங்கக்கூடாது. ஒன்றையும் பறிக்கக்கூடாது. எல்லாருக்கும் வடிவாகச் சொல்லிக் கூட்டிவாருங்கள். உங்களைக் காண ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
றோஸ்மலர்


காப்பக விடுதி, சிசிலி
17.08.2024

பிறேமினியின் அப்பாவுக்கு,

அவ்வளவு எழுதியும் ஏன் இப்படிச் செய்தீர்கள்? இருபத்தாறு பேரும் கயிற்றைத் தாண்டி இறங்கி, கை நிறையப் பூப் பறித்து, வாகனங்கள் நிறுத்துமிடத்தில் இருக்கும் அந்தச் சின்ன மாதா சொரூபத்தைக் கழுத்துவரை மூடிவிட்டு, செபமாலை சொல்லிக்கொண்டு நின்றீர்கள். காவலர் கத்திக்கொண்டு ஓடிவந்த பிறகும் இரண்டு பேர் பறித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்று காலைதான், யாத்திரிகர்கள் இயற்கையின் காவலர்கள் என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். பின்னேரம் அதே பரீட்சகர்கள் என் பக்கத்தில் நின்று உங்களைப் பார்த்தார்கள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நான் வந்து கதைக்கவில்லை என்று மனம் நோக வேண்டாம். வேலை நேரம். அன்தொனெல்லா அம்மையார் என்னை அலுவலகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியே வந்து பார்த்தபோது பஸ் போய்விட்டது. அபராதத்தை உங்கள் பெயரில் எழுதினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

றோஸ்மலர்


இல்ஃபோர்ட், லண்டன்
28.08.2024

அன்புள்ள றோஸ்,

நீர் எழுதியது நியாயம். முதல் பூவைப் பறித்தது நான்தான். பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, "ஒண்டிலயும் கை வைக்கப்படாது" என்று சொன்னதும் நான்தான். ஊரில் மடு மாதா கோவிலில் ஆவணித் திருவிழா நடக்கிற அதே நாள். சொரூபத்தின் காலடியில் வெயிலில் வெளிறிய பிளாஸ்டிக் பூ. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மேடு முழுக்க வெள்ளை. மாதாவுக்குப் பறிப்பதைப் பறிப்பது என்றே எனக்குத் தோன்றவில்லை, றோஸ். நான் ஒன்று எடுத்தேன், பின்னால் நின்ற எல்லாரும் எடுத்தார்கள். உமது படிப்பின் முகத்தில் கரி பூசியவன் நான். மன்னித்துக்கொள்ளும்.

இன்னொன்றை எழுதாமல் விடலாம் என்று பல நாள் பார்த்தேன், முடியவில்லை. எங்களைக் காட்டி, "இவர்கள் உங்கள் ஆட்களா?" என்று அந்த அம்மையார் உம்மிடம் கேட்டார். "இல்லை, யாரோ சுற்றுலாக்காரர்" என்றீர். "முன்னால் நிற்கிறவர் உங்களையே பார்க்கிறாரே?" என்றார். "அவரையும் தெரியாது" என்றீர். நான் தூரத்தில் நிற்கிறேன், கேட்காது என்று நினைத்திருப்பீர். காற்று உமது பக்கமிருந்துதான் வீசியது. பதினொரு வருடம் அந்தப் பாஷையில் ஏச்சு வாங்கியவனுக்கு இத்தாலியனில் அந்த இரண்டு வசனம் விளங்காதா?

அபராதம் எழுதும்போது காவலர் என்னிடமும் கேட்டார், இங்கே யாரையாவது தெரியுமா என்று. ஒருவரையும் தெரியாது என்றேன். உமது பரீட்சை கெட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் லைன் ரயிலில் வந்தபோது, நாங்கள் இருவரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தேன். ஒரே பொய் இல்லை என்று இல்ஃபோர்ட்டில் இறங்கும்போது விளங்கியது.

பிறேமினி சுகம். அவளுக்கு இது தெரியாது.

கஸ்பர்


காப்பக விடுதி, சிசிலி
08.09.2024

என் அன்பானவருக்கு,

நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று எனக்கு அன்றே தெரியும். நான் சொன்னதும் உங்கள் தலை குனிந்ததைக் கண்டேன். கண்டும்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். பூவைப் பற்றிப் பெரிதாகச் சத்தம் போட்டால் மற்றதைப் பற்றி நீங்கள் வாய் திறக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். தெரியாது என்று சொன்னதைவிட அதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

அந்த நேரம் நான் பூவைப் பற்றி நினைக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். வியர்த்து வடிய, பட்டுச் சேலையோடும் சாப்பாட்டுப் பார்சலோடும் நின்ற எங்கள் சனத்தைக் கண்டதும், இவர்களோடு சேர்த்து என்னையும் பார்த்துவிடப் போகிறார்களே என்றுதான் பயந்தேன். இனி எல்லாரும் குடித்த கோப்பையை என் கையில் தருவார்களே என்று பயந்தேன். என்னைப் படிக்கச் சொல்லி விண்ணப்பத்தை அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்த மனிதரைத் தெரியாது என்றேன்.

நேற்று வகுப்பில் எல்லார் முன்னாலும் எழும்பிச் சொன்னேன். அபராதம் கட்டியவர் என் கணவர், பூப் பறித்தவர்கள் என் கோவில் ஆட்கள், தெரியாது என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அன்தொனெல்லா அம்மையார், "ஆய்வைத் திரும்ப எழுதுங்கள், இந்த முறை உங்கள் ஆட்களைத் தெரிந்தவளாக எழுதுங்கள்" என்றார். படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம் பிடிக்கும். பிடிக்கட்டும். அதை லண்டனில் இருந்தே எழுதலாம்.

முப்பதாம் திகதி பின்னேரம் ஹீத்ரோவில் இறங்குகிறேன். அடுத்த ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்ததும், பாதரிடம் கேட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அதைச் செய்தால்தான் உங்கள் பக்கத்தில் இருக்க எனக்கு முகம் வரும். வீட்டுக்கு வரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். அது கிடைக்கும்வரை நான் பெட்டி அடுக்கமாட்டேன்.

றோஸ்


இல்ஃபோர்ட், லண்டன்
19.09.2024

அன்புள்ள றோஸ்,

பெட்டியை அடுக்கும். உமது வீட்டுக்கு வர என்னிடம் என்ன அனுமதி?

ஆனால் கோவிலில் ஒன்றும் சொல்ல வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அன்று பஸ்ஸில் நிஷாந்தன், "அக்கா ஏன் வந்து கதைக்கேல்லை?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டான். "டியூட்டி நேரத்தில சொந்தக்காரரோட கதைக்க அங்க விடமாட்டினம்" என்று சொல்லிவிட்டேன். "அங்கத்தைச் சட்டம் அப்பிடி" என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நிஷாந்தனும் மூன்று வருடம் இத்தாலியில் இருந்தவன். நீர் அப்படிச் சொன்ன நேரம் என் பக்கத்தில்தான் நின்றான். நம்பினானா, எனக்காகத் தலையாட்டினானா என்று தெரியாது. அன்றிலிருந்து பூசைக்குப் போனால் எனக்கு இடம் பிடித்து வைக்கிறான், தேத்தண்ணி எடுத்துவந்து தருகிறான். அதை வாங்கிக் குடிக்க எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உமக்கு எப்படிச் சொல்ல.

நீர் எழும்பி நின்று சொன்னால் உமது மனம் இலேசாகும். அதன் பிறகு, பெண்சாதியே தெரியாது என்று சொன்ன ஆள் என்ற பெயரோடு ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் முகத்தில் விழிக்கப் போவது நான். அங்கே உண்மையைச் சொன்னீர், அது போதும். இங்கே என் பொய்யை நீரும் என்னோடு சேர்ந்து சுமக்க வேண்டும். உமக்கு நான் தரும் தண்டனை என்று நினைத்தாலும் சரி.

எனக்குக் கோபம் இல்லை. கோபம் என்றால் இதற்குள் ஆறியிருக்கும். இது வெட்கம். பூவைப் பறித்த வெட்கம் எது, நீர் தெரியாது என்று சொன்ன வெட்கம் எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இரண்டும் போக நாள் எடுக்கும்.

முப்பதாம் திகதி லீவு எடுத்துவிட்டேன். பயணிகள் வெளியே வரும் வாசலில் நிற்பேன். அந்த நேரம் சனம் நெருக்கும். ஆளுக்காள் பெயர் எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டை ஒன்றும் பிடிக்கமாட்டேன். என்னைக் கண்டதும், அத்தனை பேர் முன்னாலும், கையைத் தூக்கிக் காட்டும்.

உமது,
கஸ்பர்